தண்ணீர்க்கரையைப் பிடித்து ஓடு, தங்கச்சி

போன கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்கு அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. குசினியில் கறி அடிப்பிடிக்கிற நேரம். இப்போது ஆறுதலாக எழுதுகிறேன். உன்னைப் போலப் பாரிசுக்கு வந்து வேலை, வீடு, பிள்ளை என்று சுற்றி, உடம்பைக் கவனிக்க இடமில்லாமல் நிற்கிற மற்றத் தங்கச்சிமாரும் வாசிக்கட்டும்.

ஓட ஆசை, ஆனால் எங்கே ஓடுவது என்று கேட்டாய். லா ஷப்பல் றோட்டுச் சனத்துக்குள் ஓட முடியாது, ஜிம்முக்கு மாதம் மாதம் காசு கட்ட மனம் வரவில்லை, காட்டுக்குள் தனியே போகப் பயம் என்றாய். மூன்றும் நியாயம்தான். பதினேழு வருடமாக இந்த நாட்டில் ஓடுகிற என்னுடைய பதில் இதுதான்: முதல் வருடம் முழுக்கத் தண்ணீர்க்கரையை விட்டு விலகாதே. கால்வாய் எங்கே போகுதோ அங்கே போ.

ஏனென்று சொல்கிறேன். மோட்டார் வருவதற்கு முன்னம் சரக்குப் படகுகளைக் கரையில் நின்று கயிறு கட்டி இழுத்தார்கள், குதிரையும் இழுத்தது, மனிதரும் இழுத்தார்கள். அப்படி இழுப்பதற்காகவே தண்ணீரை ஒட்டிப் போட்ட பாதை இது. பிரெஞ்சில் ‘ஷெமான் து ஆலாஜ்’ என்பார்கள். ஆலாஜ் என்றால் இழுத்தல். பாரம் இழுக்கிற குதிரைக்காகப் போட்ட பாதையில் மேடு பள்ளம் இராது, திடீர் வளைவும் இராது. புதிதாக ஓடத் தொடங்குகிற காலுக்கு இதைவிட நல்ல தரை கிடைக்காது. கார் வராது, வந்தாலும் கால்வாயைப் பராமரிக்கிறவர்களுடைய வண்டி எப்போதாவது ஒன்று. வழி தவறவும் முடியாது. போகும்போது தண்ணீர் இடக்கைப்பக்கம், திரும்பும்போது வலக்கைப்பக்கம். பிரெஞ்சு சரியாக வராத காலத்தில், வழி கேட்கக் கூச்சப்பட்ட காலத்தில், எனக்குத் துணிவு தந்தது இந்த ஒரு விஷயம்தான்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர்க் கால்வாய்

கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்க நாங்கள் போகிற லா ஷப்பலில் இருந்து கால்நடையாகப் பத்துப் பதினைந்து நிமிடம் போனால் லா வில்லெத் நீர்த்தேக்கம். ஸ்தலின்கிறாட் மெற்றோவுக்குப் பக்கத்தில், வட்டமான பழைய கல் மண்டபத்துக்குப் பின்னால் தொடங்குகிறது. எத்தனை வருடமாக அந்தப் பக்கம் சாமான் பை தூக்கிக்கொண்டு நடந்திருப்போம், தண்ணீரைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டோம்.

அங்கே வந்து சேர்கிறதுதான் ‘ஊர்க்’ என்கிற பெயருள்ள கால்வாய். பாரிஸ் சனத்துக்குக் குடிதண்ணீர் வேண்டும் என்று 1802இல் நெப்போலியன் வெட்டச் சொன்னது. 1808இல் தண்ணீர் லா வில்லெத்துக்கு வந்தது. மொத்த நீளம் 108 கிலோமீற்றர். இப்போது அதைக் குடிப்பதில்லை. ஆனால் விடியற்காலையில் நடைபாதை ஓரக் கானில் தண்ணீர் ஓட, மாநகரத் தொழிலாளர் பச்சை விளக்குமாறால் கூட்டித் தள்ளுவதைப் பார்த்திருப்பாய். அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு இந்தக் கால்வாயில் இருந்துதான் வருகிறது.

முதல் மாதம் நீர்த்தேக்கத்தைச் சுற்று, போதும். கிட்டத்தட்ட 800 மீற்றர் நீளம், இரண்டு கரையிலும் பாதை, கிரிமே தெருவில் படகுக்காக மேலே தூக்குகிற பழைய பாலம். ஒரு சுற்று ஒன்றரைக் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே வரும். ஞாயிற்றுக்கிழமை வெள்ளென, எட்டு மணிக்கு முன்னம் போ. பதினொரு மணிக்குப் பிறகு பிள்ளை வண்டி, நாய், சைக்கிள், பியர் போத்தல் எல்லாம் கரைக்கு வந்துவிடும்.

இரண்டாம் மாதம் எல்லாரும் ‘பந்தான், பொபினி வழியாக அப்படியே நேரே ஓடு’ என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பந்தான் வரைக்கும் நல்லாயிருக்கும், பெரிய பழைய மாவு ஆலையைத் தாண்டிப் போவது எனக்குப் பிடிக்கும். அதற்கு அங்கால் நெடுஞ்சாலையும் களஞ்சியங்களும் சத்தமுமாகக் கொஞ்சத் தூரம் போகும். புதிதாய் ஓடுகிறவளுக்கு அங்கே மனம் சோர்ந்துவிடும். அதற்குப் பதிலாகக் கார் து நோர் ஸ்டேஷனில் ஆர்.இ.ஆர். பி ரெயின் பிடித்து செவ்ரோன்-லிவ்ரியில் இறங்கு. உன் நவிகோ அட்டை போதும். ஸ்டேஷனில் இருந்து கால்வாய் கூப்பிடு தூரம். கிழக்கே திரும்பினால் சில நிமிடத்தில் மரம் இரண்டு பக்கமும் மூடிவிடும்.

அந்தப் பக்கம் புத்ரரி என்று ஒரு காடு இருக்கிறது. 1873இல் இருந்து 1973 வரைக்கும், முழுதாக நூறு வருடம், அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை நடந்தது. ஒரு கட்டடம் வெடித்தால் பக்கத்துக் கட்டடமும் சேர்ந்து போகக் கூடாது என்று தூரத் தூரமாகக் கட்டி, நடுவில் மண்மேடும் மரமுமாக வைத்தார்கள். அப்படி வைத்ததால்தான் இன்றைக்கு நகரத்துப் பக்கத்தில் இத்தனை பெரிய காடு மிஞ்சியிருக்கிறது. வெடிமருந்தின் சத்தம் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அந்த இடம் வேறு மாதிரி மனதில் படும். நான் முதல்முறை போனபோது ஓடாமல் கன நேரம் ஒரு பழைய சுவருக்குப் பக்கத்தில் நின்றேன். இப்போது அங்கே மரங்கொத்தி தட்டுகிற சத்தம்தான் கேட்கும்.

அங்கிருந்து கிளே-சுய்யி என்கிற ஊர் வரைக்கும் சைக்கிள் பாதை கரையோடு போகிறது. அதுதான் உனக்கு இந்த வருட இலக்கு. ஒரே நாளில் இல்லை, மாதத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக.

எப்படி ஓடுவது

ஒரு நிமிடம் ஓடு, இரண்டு நிமிடம் நட. இருபது நிமிடம் இப்படிச் செய், வீட்டுக்குப் போ. இரண்டு மூன்று கிழமையில் ஓட்டத்தைக் கூட்டு, நடையைக் குறை. வேகம் சரியா என்று பார்க்கக் கடிகாரம் தேவையில்லை. ஓடிக்கொண்டே என்னோடு போனில் முழு வசனம் கதைக்க முடியவேணும். இடையில் மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது.

கால்வாயில் ஒரு பொறி இருக்கிறது, கவனமாகக் கேள். கரை நேரே போகும், தட்டையாக இருக்கும், ‘இன்னும் ஒரு பாலம், இன்னும் ஒரு பாலம்’ என்று மனம் இழுத்துக்கொண்டு போகும். ஆனால் வட்டப் பாதை மாதிரித் தானாக வீட்டுக்குக் கொண்டுவந்து விடாது. போன தூரம் முழுக்கத் திரும்ப வரவேணும். அதனால் தூரத்தை எண்ணாதே, நேரத்தை எண்ணு. நாற்பது நிமிடம் ஓட நினைத்தால் பதினெட்டாவது நிமிடமே திரும்பிவிடு. வருகிற வழியில் கால் சோரும், மிஞ்சுகிற நாலு நிமிடம் அதற்கு.

காற்றையும் பார். கால்வாய் ஒரு குழாய் மாதிரி, காற்று அதற்குள் நேரே அடிக்கும். புறப்படும்போது காற்று முகத்தில் அடிக்கிற பக்கமாகப் போ. திரும்பும்போது அது முதுகில் கை வைத்துத் தள்ளும். மாறிச் செய்தால் வியர்த்த உடம்போடு எதிர்க்காற்றில் வரவேணும். உடம்பு குளிர்ந்து நடுங்குகிற அலுப்பு ஒரு பக்கம், மனம் விட்டுப் போவது அதைவிட மோசம்.

வலப்பக்க ஓரமாக ஓடு. சைக்கிள்காரர் வேலைக்குப் போகிற வேகத்தில் வருவார்கள். பாட்டுக் கேட்பதென்றால் ஒரு காதில் மட்டும் மாட்டு, மற்றக் காது மணிச் சத்தத்துக்கு. பாலத்துக்குக் கீழே பாதை ஒடுங்கும், ஈரமாக இருக்கும், எதிரே வருவது தெரியாது. அங்கே எப்போதும் நடந்தே கட. இன்னொன்று, தூண்டில்காரர். கார்பன் தண்டு பத்துப் பன்னிரண்டு மீற்றர் நீளம் இருக்கும், அதைப் பின்னால் இழுக்கும்போது பாதைக்குக் குறுக்கே கிடக்கும். தூரத்தில் ஆளைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து ‘பொன்ஜூர்’ சொல்லு, அவர் தண்டைத் தூக்கி வழி விடுவார். அதன் மேலால் தாண்டிப் பாய்ந்துவிடாதே. சில தண்டு உன் ஒரு மாதச் சம்பளம் பெறும்.

தண்ணீரில் கை கால் கழுவ வேண்டாம். காயம் இருந்தால் கட்டாயம் வேண்டாம். எலியின் சிறுநீரால் வருகிற எலிக்காய்ச்சல் ஊரில் வயலில் மட்டுமில்லை, இங்கேயும் இருக்கிறது. போன் தண்ணீரில் விழுந்தால் விட்டுவிடு. கரை செங்குத்தாக இறங்கும், பாசி வழுக்கும், உள்ளே விழுந்தவர் ஏறிவரப் பிடியே இராது. போனை எத்தனையும் வாங்கலாம், உன்னை எங்கே வாங்குவது?

சப்பாத்தில் மட்டும் காசு பார்க்காதே. பின்னேரம் போய் வாங்கு, அந்த நேரம் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் விடு. மற்றதெல்லாம் வீட்டில் இருக்கிறதே போதும். பழைய சேர்ட், தலையை இறுக்கக் கட்ட ஒரு பட்டி. காற்சட்டை போட்டு ஓடினால் சனம் என்ன சொல்லும் என்று கேட்டாய். உன் முழங்கால் நோகும்போது அந்தச் சனம் வந்து எண்ணெய் பூசிவிடாது. உனக்கு எது வசதியோ அதைப் போடு. முழு நீளக் காற்சட்டைதான் வசதியென்றால் அதுவும் சரி, குளிரில் அதுதான் நல்லதும்.

இருட்டில் கால்வாய்க்குப் போகாதே. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஜூனில் இரவு பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்னமே சூரியன் போய்விடும். ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணி மாற்றின கையோடு, வேலை முடிந்து ஓடுவதை விளக்கு எரிகிற தெருவுக்கு மாற்றிவிடு. காரில் கிடக்கிற மஞ்சள் ஜிலேயை எடுத்துப் போடு. கரையை ஞாயிறு காலை, விடிந்த பிறகு வைத்துக்கொள்.

ரெயின் ஏறிப் போய் நாட்டுப்புறத்தில்

ஒரு மணி நேரம் நிற்காமல் ஓட வந்துவிட்டால் உன்னை புர்கோஞ் கால்வாய்க்குக் கூட்டிக்கொண்டு போவேன். 242 கிலோமீற்றர் நீளம், 1832இல் கட்டி முடித்தது, 189 எக்லூஸ். எக்லூஸ் என்றால் இரண்டு பக்கமும் கதவு வைத்த தண்ணீர்த் தொட்டி. படகு உள்ளே வந்ததும் கதவைச் சாத்தித் தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்புவார்கள். படகு படியேறுகிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காவற்காரருக்கு ஒரு சின்ன வீடு. அந்த வீட்டுச் சுவரில் பலகை இருக்கும், அதைக் கட்டாயம் வாசி: எக்லூஸின் இலக்கம், பெயர், முன்னால் உள்ளதுக்கு எத்தனை மீற்றர், பின்னால் உள்ளதுக்கு எத்தனை மீற்றர். பற்றறி தீர்ந்த போனைவிட அது நம்பிக்கையானது. கால் சுளுக்கி 112க்கு அடிக்க நேர்ந்தாலும் ‘புர்கோஞ் கால்வாய், எக்லூஸ் இத்தனையாம் இலக்கம்’ என்று சொல்லு, ஆட்கள் நேரே வருவார்கள். பிரெஞ்சு தடுமாறினாலும் இலக்கம் தடுமாறாது.

பாரிஸ் பெர்சியில் இருந்து திஜோன் போகிற பிராந்திய ரெயினில் லே லோம்-அலெசியாவில் இறங்கு. எல்லா ரெயினும் அங்கே நிற்காது, முதல் நாளே நேர அட்டவணையைப் பார்த்து வை. கிழக்கே தெரிகிற குன்றுதான் கி.மு. 52இல் ஜூலியஸ் சீசர் முற்றுகையிட்ட அலெசியா என்பார்கள். ஸ்டேஷனில் இருந்து கொஞ்சம் நடந்து கால்வாய்க்குப் போய், அங்கிருந்து மொன்பார் பக்கமாக ஓடு. ஏறத்தாழ 15 கிலோமீற்றர். திசையை மாற்றாதே, இந்தப் பக்கமாகப் போனால் எக்லூஸ்கள் கீழே இறங்கி வரும். சரிவு கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். மொன்பாரில் அதே பாதையில் ரெயின் பிடிக்கலாம். திரும்பி ஓட வேண்டியதில்லை என்கிற நினைப்பே பாதி இளைப்பைப் போக்கும்.

வழியில் வெள்ளை மாடு மேயும். நாரை ஒன்று உனக்கு முன்னால் பறந்து நூறு மீற்றர் போய் நிற்கும், நீ கிட்டப் போனால் திரும்பப் பறக்கும். அப்படியே கன தூரம் உன்னோடு வரும். மனிதரைக் காண்பது அரிது. காண்கிற எவரும் ‘பொன்ஜூர்’ சொல்வார்கள், நீயும் சொல்லவேணும். நகரத்தில் சொன்னால் திரும்பிப் பார்ப்பார்கள், நாட்டுப்புறத்தில் சொல்லாவிட்டால் குறையாக நினைப்பார்கள்.

தண்ணீருக்கு நான் கண்டுபிடித்த வழி, சேமக்காலை. பிரான்சில் எந்தச் சின்ன ஊரிலும் ஒரு சேமக்காலை இருக்கும், பூச்சாடிக்குத் தண்ணீர் விட வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பைப் இருக்கும். நாட்டுப்புறத்தில் நடக்கிறவர்களும் ஓடுகிறவர்களும் அதில்தான் போத்தலை நிரப்புகிறார்கள். முதல் தடவை எனக்கு மனம் ஒப்பவில்லை. வெளியே நின்று கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன். இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன். பைப்புக்கு மேலே ‘நோன் பொத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் அது குடிக்கிற தண்ணீர் இல்லை, தலையில் ஊற்றிக்கொள். குளிர்காலத்தில் பைப்பைப் பூட்டி வைப்பார்கள், அப்போது வீட்டில் இருந்தே முழுப் போத்தல் கொண்டுபோ. பாண்கடையை நம்பிப் போகாதே. பல ஊரில் கடையே இல்லை, இருக்கிற ஊரில் மத்தியானம் சாத்துவார்கள், திங்கட்கிழமை முழு நாளும் சாத்துகிற கடையும் உண்டு. பேரீச்சம்பழம் நாலும் எள்ளுருண்டை இரண்டும் பையில் இருக்கட்டும்.

முதல் வருடம் முடிந்து, கரையை விட்டு வயலுக்குள்ளும் காட்டுக்குள்ளும் போக ஆசை வந்தால் மரத்திலும் கல்லிலும் பூசின நிறக் கோடுகளைப் பார். வெள்ளையும் சிவப்பும் என்றால் நாடு முழுக்கப் போகிற நெடும்பாதை. அதன் முதல் துண்டு 1947இல் லுவார் நதிக்கரையில் ஓர்லியோனுக்கும் பொஜான்சிக்கும் நடுவில் தொடங்கியது, அதுவும் தண்ணீர்க்கரைதான். மஞ்சள் என்றால் உள்ளூர்ப் பாதை. அது பெரும்பாலும் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே விடும், உனக்கு அதுதான் தோது. கோடு சமாந்தரமாக இருந்தால் சரியான வழி. பெருக்கல் அடையாளம் கண்டால் வழி பிழை, திரும்பிப் போய்க் கடைசியாகக் கண்ட கோட்டில் நின்று யோசி.

செப்டெம்பரில் இருந்து பெப்ரவரி முடிவு வரைக்கும் வேட்டைக் காலம், ஞாயிற்றுக்கிழமையும் நடக்கும். ‘ஷாஸ் ஓன் கூர்’ என்ற பலகை நின்றால், எத்தனை தூரம் ரெயினில் வந்திருந்தாலும் அந்தக் காட்டுக்குள் கால் வைக்காதே. அந்த மாதங்களில் கறுப்பும் மண்ணிறமும் உடுக்காதே, செம்மஞ்சளோ பளிச்சென்ற சிவப்போ போடு.

வசந்தத்திலும் கோடையிலும் புல்லுக்குள் ஓடினால் உண்ணி ஏறும். குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, தொடை, அக்குள், தலைமுடிக்குள் எல்லாம் தடவிப் பார். கடித்துக்கொண்டு இருந்தால் எண்ணெய் விடாதே, நெருப்பு வைக்காதே. மருந்துக்கடையில் ‘தீர்-தீக்’ என்று கேட்டால் சின்னக் கொக்கி தருவார்கள், அதால் கொழுவிச் சுழற்றி எடு. பிறகு வருகிற ஒரு மாதம் அந்த இடத்தைக் கவனி. சிவப்பு வட்டம் பெருத்துக்கொண்டு போனால் அன்றைக்கே டொக்டரிடம் போ. லைம் என்கிற நோய், தொடக்கத்தில் மருந்து எடுத்தால் மாறிவிடும்.

பண்ணை நாய் குரைத்து வந்தால் ஓட்டத்தை நிறுத்து. ஓடுகிறதைத்தான் அது துரத்தும். நட, கண்ணுக்குள் பார்க்காதே, சொந்தக்காரரைக் கூப்பிடு.

தெற்கே போகிற நாள் வந்தால்

துலூசில் மச்சாள் வீட்டுக்குப் போகும்போது சப்பாத்தைப் பெட்டிக்குள் வை. துலூஸ் பெரிய ஸ்டேஷன் வாசலைத் தாண்டினால் எதிரே மித்தி கால்வாய். பியேர்-போல் ரிக்கே என்கிறவர் 1666இல் தொடங்க வைத்தது. உப்பு வரி தண்டுகிற உத்தியோகத்தில் இருந்தவர் தன் சொந்தச் சொத்தையும் போட்டு வெட்டினார். 1681இல் கால்வாய் திறந்தபோது அவர் இல்லை, முந்தின வருடமே இறந்துவிட்டார். 1996இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

துலூசில் இருந்து தென்கிழக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றரில் நொரூஸ் என்கிற மேடு. மலையில் இருந்து கொண்டுவந்த தண்ணீரை அங்கேதான் கால்வாய்க்குள் விடுகிறார்கள். அந்த இடத்தில் தண்ணீர் பிரிந்து ஒரு பங்கு அத்திலாந்திக் பக்கமும் மற்றப் பங்கு மத்தியதரைக் கடல் பக்கமும் போகிறது. நடுவழி வரைக்கும் ரெயினில் போய், மீதியை ஓடி அங்கே நின்று பார். எனக்கு அந்த மேட்டில் நிற்கும்போது கண் கலங்கும், காரணம் உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரே தாய்வீட்டில் இருந்து புறப்பட்டு இரண்டு கடலுக்குப் போனவர்கள்தானே நாங்களும்.

கரையில் நிற்கிற பிளாத்தான் மரங்கள் நிழலுக்குப் பெயர் போனவை. 2006இல் இருந்து ஒரு பூஞ்சணம் அவற்றைத் தின்கிறது. மருந்து இல்லை. நோய் பிடித்ததை வெட்டி எரித்து வேறு மரம் நடுகிறார்கள். அதனால் பழைய படத்தில் பார்த்த நிழலை எல்லா இடத்திலும் எதிர்பார்க்காதே. ஜூலை, ஓகஸ்டில் காலை ஒன்பது மணிக்குள் ஓடி முடி. ஓத்தான் என்கிற தென்கிழக்குக் காற்று அடிக்கிற நாளில் மேலே சொன்னதை நினை, முதலில் எதிர்க்காற்று.

இதெல்லாம் பிறகு. நீர்த்தேக்கத்தைத் தனியே சுற்றத் தொடங்க முன்னம், முதல் நாள் மட்டும் என்னோடு காட்டுப் பக்கம் ஓடு. வருகிற ஞாயிறு காலை எட்டேகாலுக்கு செவ்ரோன்-லிவ்ரி ஸ்டேஷன் வாசலில் நான் நிற்பேன். வெறும் வயிற்றோடு வராதே, ஒரு வாழைப்பழமும் தேத்தண்ணியும் போதும். குளிர் என்று இரண்டு ஜாக்கெற் போடாதே, பத்து நிமிடத்தில் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு அந்தரப்படுவாய். மாற்றுச் சொக்ஸ் ஒன்று பையில் வை. ரெயின் தவறினால் எழுதிப் போடு, அடுத்தது வரும்வரை நிற்பேன்.